தண்ணீர் வராத கடையிலும் வியாபாரம் நிற்கும்

ஆடிக் கிருத்திகையை விட்டால், திருத்தணிக் கடைத்தெருவுக்குச் சோறு போடும் காலம் ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிகிறது. கந்தசஷ்டி, கார்த்திகையில் மாலை போட்ட சாமிகளின் வண்டிகள், மார்கழி தரிசனம், டிசம்பர் 31 இரவு படித்திருவிழா, விடிந்தால் புத்தாண்டுக் கூட்டம், பொங்கல் விடுமுறை, தைப்பூசம். தேங்காய் பழக் கடை முதல் தங்கும் விடுதி வரை இந்த வாரங்களை நம்பித்தான் சரக்கு எடுக்கிறார்கள், ஆள் சேர்க்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள்.

வங்கக்கடலில் புயல் பிறக்கும் வாரங்களும் இவையே. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. 2015 நவம்பர், டிசம்பரில் பெருவெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா. 2020 நவம்பர் கடைசியில் நிவர். 2021 நவம்பரில் அடுத்தடுத்துத் தாழ்வு மண்டலங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். இந்தத் தேதிகளைக் கோயில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊரின் வருமானமும் ஊரின் ஆபத்தும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது தெரியும்.

குளிர் நாடுகளில் வியாபாரிகள் முதல் பனி விழுமுன் உப்பு வாங்கி வைப்பார்கள், தண்ணீர்க் குழாய்க்கு உறை போடுவார்கள். அங்கே அது வருடாந்தர வேலை; வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போல யாரும் சொல்லாமலே நடக்கும். நம் பக்கம் குளிர்காலம் என்றால் மழையும் காற்றும்தான். ஆனால் இங்கே புயலுக்குப் பெயர் வைத்த பிறகுதான் தார்ப்பாய் தேடுகிறார்கள்.

திருத்தணியில் இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணமும் உண்டு. மலையடிவார ஊர், பெய்த தண்ணீர் இறங்கி ஓடிவிடும். தாழ்வான தெருக்களையும் நந்தி ஆற்றுப் பக்கத்தையும் தவிர்த்தால், வேளச்சேரியையோ முடிச்சூரையோ போலக் கழுத்தளவுத் தண்ணீரைப் பார்த்த கடைகள் இங்கே குறைவு. அதனால் "நம்ம ஊருக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை ஊறிப் போயிருக்கிறது. கடைக்குள் தண்ணீர் வருமா என்பதை மட்டும் கேட்டால் அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கேள்வியே குறைபட்டது. திருத்தணி பிழைப்பது வெளியூர்க்காரர்களால். வாடிக்கையாளர் சென்னையிலிருந்தோ திருப்பதி போகும் வழியிலோ வருகிறார்; தக்காளி ஆந்திரத்திலிருந்து வருகிறது; கூலியாள் ஆற்றுக்கு அப்பாலிருந்து வருகிறார்; பணம் செல்போன் கோபுரம் வழியாக வருகிறது. இவற்றில் எது நின்றாலும், கடை வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதபோதே வியாபாரம் நின்றுவிடும்.

2021 நவம்பரை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் 11ஆம் தேதி ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு வாரம் கழித்து, 19ஆம் தேதி விடியற்காலையில், இன்னொன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கடந்தது. கரையோரத்தில் அதன் காற்று பெரிதாக இல்லை. அதன் மழை போய் இறங்கிய இடம் திருப்பதி மலையும் அதற்கு வடக்கே கடப்பைப் பக்கமும். திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. கபில தீர்த்தத்தில் மலையிலிருந்து விழுந்த வெள்ளம் மண்டபத்தைச் சேதப்படுத்தியது. திருமலைக்குப் போகும் மலைப்பாதைகளும் நடைபாதைகளும் மூடப்பட்டன. கடப்பை மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து பல கிராமங்களை அடித்துக்கொண்டு போனது. பல உயிர்கள் போயின. ராஜம்பேட்டைக்கும் நந்தலூருக்கும் இடையே ரயில் பாதையின் கீழிருந்த மண் கரைந்து தண்டவாளம் தொங்கியது. சென்னையிலிருந்து அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா வழியாக மும்பைக்குப் போகும் பாதை அது. டிசம்பர் 1 அன்று திருமலையின் மேலேறும் மலைச்சாலையில் பாறைகள் உருண்டு விழுந்து அது மறுபடியும் மூடப்பட்டது.

இவ்வளவும் நடந்தது திருத்தணிக்கு வெளியே. ஆனால் சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பம் ஒன்று திருத்தணியை மட்டும் நினைத்து வருவது குறைவு. திருத்தணி, திருப்பதி, முடிந்தால் காளஹஸ்தி என்று சேர்த்துத்தான் திட்டம் போடும். திருப்பதி இல்லையென்றால் வண்டியே கிளம்பாது. அந்தக் குடும்பத்தை நம்பி அறையைச் சுத்தம் செய்து வைத்த விடுதிக்காரருக்கும், மாவு அரைத்து வைத்த ஓட்டல்காரருக்கும் அன்னமய்யா அணை எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

அதே நவம்பரில் சென்னைச் சந்தையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மதனப்பள்ளிப் பக்கத்துத் தோட்டங்கள் மழையில் அழுகியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கோயம்பேட்டில் தக்காளி லாரிகளை நிறுத்த இடம் கேட்டு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சாம்பாருக்கும் சட்னிக்கும் தக்காளி இல்லாமல் ஓட்டல் நடத்த முடியாது. இட்லி விலையை ஒரே இரவில் ஏற்றவும் முடியாது. கூட்டமும் குறைந்து கொள்முதல் விலையும் ஏறுகிற இந்த இரட்டை அடியைத்தான் சின்ன ஓட்டல்காரர் தாங்க மாட்டார். நவம்பர் தொடக்கத்திலேயே புளி, பருப்பு, வற்றல், எண்ணெய் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து வைத்து, தக்காளி இல்லாத பதார்த்தங்களுக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அந்த அடியில் பாதி குறையும்.

கிழக்கே சென்னைப் பக்கமும் இதே கதைதான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு நேரே கடலில் தயங்கி நின்று கொட்டித் தீர்த்தது. கரையைக் கடந்ததோ 5ஆம் தேதி, தொலைவில் ஆந்திரத்தின் பாபட்லா அருகே. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் ரயில்கள் ரத்தாயின. திருத்தணிக்கு வரும் மின்சார ரயிலும் சப்தகிரி எக்ஸ்பிரஸும் அந்தப் பாலத்தைக் கடந்துதான் வர வேண்டும். ஒரு பாலத்தின் கீழ் தண்ணீர் ஏறினால் இங்கே படிக்கட்டில் கூட்டம் குறையும் என்பது வரைபடத்தைப் பார்த்தால் புரிகிற விஷயம்தான், ஆனால் கடை நடத்துகிறவர்கள் அந்தப் பாலத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையே உற்பத்தியை நிறுத்த வேண்டியிருந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் 4ஆம் தேதி பொது விடுமுறை விடப்பட்டது. அந்த நான்கு மாவட்ட வணிகர்களுக்கு நவம்பர் மாத ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு டிசம்பர் 20இலிருந்து 27க்குத் தள்ளிப்போடப்பட்டது. இந்த மாதிரிச் சலுகைகள் வந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். வரும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. மழைக்கால மாதங்களில் கணக்கைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவதுதான் நல்லது.

இதற்கு முந்தைய உதாரணம் இன்னும் கூர்மையானது. 2015 டிசம்பர் 2 அன்று, 1878இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. மறைமலை நகரிலிருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியவில்லை என்பதே காரணம். வெள்ளத்தால் அச்சாகாமல் போனது அதன் நெடிய வரலாற்றில் அதுவே முதல் முறை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஆள் வரும் வழி அடைபட்டதுதான் தடையாக இருந்தது. திருத்தணியில் பத்துப் பேரை வைத்து நடத்தும் தறிக்கூடத்துக்கும் விடுதிக்கும் இது இன்னும் நேராகப் பொருந்தும்.

இனி ஆறு. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி வட்டாரத்துக்கு வெள்ளம் கொண்டுவருவது கொசஸ்தலை ஆறும் நகரி ஆறும். கொசஸ்தலைக்குத் தண்ணீர் தருகிற கிருஷ்ணாபுரம் அணை, அம்மபள்ளி அணை என்றும் சொல்வார்கள், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே நல்ல மழை பெய்து மதகைத் திறந்தால், பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகும். அந்த நேரத்தில் பள்ளிப்பட்டில் வெயிலடித்துக்கொண்டுகூட இருக்கலாம். ம.பொ.சி.யும் தோழர்களும் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தாலும் ஆற்றின் தலை அந்தப் பக்கமே நின்றது. ஆகையால் அணை திறக்கும் செய்தி ஒரு மாநிலத்தின் அலுவலகத்திலிருந்து மற்றொரு மாநிலத்தின் அலுவலகத்துக்குப் போய், ஆட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கித்தான் நம் காதுக்கு வரும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. சென்னை வானிலை மையம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்ன நிறம் காட்டியிருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அமராவதி வானிலை மையம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை என்பது இரண்டு மையங்களுக்கும் பொதுவான கணக்கு. திருவள்ளூருக்கு மஞ்சளும் சித்தூருக்குச் சிவப்பும் இருக்கிற நாள் திருத்தணிக்குப் பத்திரமான நாள் என்று யாரும் எண்ண வேண்டாம். தெலுங்கு தெரிந்தவர்கள் கடைத்தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் செய்தியைக் காலையில் ஒருமுறை கேட்டுச் சொல்ல அது போதும்.

நெசவுக்காரர்களின் பாடு தனி. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு அபூர்வம். கைத்தறியில் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீள இழுத்துக் கட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். மழை நாளில் அது நடக்காது. பாவு இல்லாமல் தறி ஓடாது. குழித்தறியில் இன்னொரு கஷ்டம். நெசவாளர் கால் வைக்கும் குழி வீட்டின் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்குள் வெள்ளம் வராவிட்டாலும் பூமியில் ஈரம் ஏறினால் குழியின் பக்கச் சுவர் முதலில் கறுக்கும், பிறகு வியர்க்கும், பிறகு அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறி நிற்கும். மிதிக்கட்டை ஊறி உப்பிவிடும். இரவில் இறைத்துவிட்டால் காலையில் மறுபடி நிற்கும். மேலே தறியில் ஏற்றியிருக்கும் பாவின் இழைகள் ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விழுது அசையும்போது அறுந்து போகும். கூலி துணிக்குத்தானே தவிர நாளுக்கு இல்லை என்பதால், அந்த நாட்களுக்கு வருமானம் பூஜ்யம்.

விசைத்தறிக்கு வெயில் தேவைப்படாது, மின்சாரம் தேவைப்படும். காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்து மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் போய்விட்டால், மோட்டார் முனகிக்கொண்டே சூடேறி காயில் கருகிவிடும். ஒரு ஃபேஸ் போனதுமே இணைப்பைத் துண்டிக்கும் தடுப்பு ரிலே, மோட்டாரைத் திரும்பக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மலிவு. அக்டோபரிலேயே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அது இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட வேண்டும். நூல் கோன், சுற்றிய பீம், நெய்த துணி எதையும் வெறும் தரையில் வைக்கக் கூடாது. சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது, சுவரும் ஈரத்தை உறிஞ்சும்.

கோயிலைச் சார்ந்த சரக்கு பெரும்பாலும் ஈரத்துக்குப் பகை. கற்பூரமும் விபூதிப் பொட்டலமும் காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால்தான் பிழைக்கும். தேங்காய்க் கண்ணில் பூஞ்சை பிடிக்கும். பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. சஷ்டி அன்று புஷ்பாஞ்சலிதான். ஆக, மற்ற ஊர்களில் கந்தசஷ்டிக்கு விற்பதைவிடப் பூ இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது, அதுவும் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஐப்பசியில். மழையில் நனைந்த பூ மூட்டைக்குள்ளேயே வெந்துபோகும். முன்பணம் கொடுத்துப் பூ எடுக்கும் வியாபாரி, சரக்கு வந்து சேராவிட்டால் அல்லது அழுகி வந்தால் நட்டம் யாருக்கு என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி, இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காகப் பழகியவர்களிடம் எப்படி எழுதிக் கேட்பது என்று தயங்குவார்கள். பழக்கம் கெடாமல் இருக்கவே எழுத வேண்டும்.

பணப் பட்டுவாடாவில் ஒரு பழைய பாடம் மறந்துபோயிருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. ஐந்து வாரத்தில், டிசம்பர் 12 அன்று, வர்தா வந்தது. கையில் நோட்டு இல்லை என்பதால் அட்டை தேய்க்கப் பழகியிருந்த கடைகளில் மின்சாரம் போனது, போன் போனது, அட்டைக் கருவி செத்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல இடங்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. இன்று எலுமிச்சம்பழம் விற்கும் பாட்டியின் கூடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அன்றைய நிலைமை இன்று வந்தால் அடி இன்னும் பலமாக விழும். நவம்பர், டிசம்பரில் கல்லாவில் ஒரு வாரச் சில்லறை இருக்கட்டும், 10, 20, 50 ரூபாய் நோட்டுகளாக. இரண்டு நிறுவனங்களின் சிம் இருக்கட்டும். பெரிய பவர் பேங்க் ஒன்று எப்போதும் முழு சார்ஜில் இருக்கட்டும்.

கடன்தான் எல்லாவற்றையும்விட ஆழமான குழி. சீசனுக்குச் சரக்கு எடுக்கத் தெருவோர வியாபாரி தண்டல் வாங்குவார். 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து 100 நாளைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வசூலிப்பது பல ஊர்களில் பழக்கமான கணக்கு. மழைக்கு வாடிக்கையாளர் லீவு போடுவார், தண்டல்காரர் போட மாட்டார். மூன்று நாள் வியாபாரம் நின்றால் நான்காம் நாள் தவணையைக் கட்ட இன்னொரு தண்டல். சாலையோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் இப்போது 15,000 ரூபாய். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அடுத்து 25,000, பிறகு 50,000. 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பும். இதற்கு நகராட்சியில் விண்ணப்பித்து வங்கியில் வாங்க நாளாகும். புயல் வாரத்தில் ஓடினால் கிடைக்காது. ஆடி முடிந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும்.

காப்பீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் கட்டியும் கிடைக்காமல் போவது இங்கேதான். 2021 ஏப்ரல் 1 முதல், ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள குறுந்தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. தீயோடு புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் அதில் அடங்கும். பழைய மாதிரித் தீக்காப்பீட்டில் பிரிமியத்தைக் குறைக்கப் புயல், வெள்ளப் பகுதியை நீக்கிவிடும் வழக்கம் இருந்தது. உங்கள் பாலிசியில் அது நீக்கப்பட்டிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். அடுத்து, மதிப்பு. 10 லட்ச ரூபாய்ச் சரக்கை 5 லட்சம் என்று காட்டியிருந்தால், 2 லட்சம் நட்டமானால் 2 லட்சம் வராது, பாதிதான் வரும். காட்டிய மதிப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் இந்தப் புதிய பாலிசி கண்டுகொள்ளாது, அதற்கு மேல் குறைந்தால் வெட்டும். ஆடியில் இருந்த சரக்கின் மதிப்பை வைத்துப் பாலிசி எடுத்துவிட்டு டிசம்பரில் மூன்று மடங்கு குவித்து வைப்பவர்களுக்கு இது நேரடி எச்சரிக்கை. பாலிசியில் எழுதிய முகவரியும் முக்கியம். சீசனுக்காக வாடகைக்குப் பிடித்த குடோனையோ கீற்றுக் கொட்டகையையோ பாலிசி ஏற்குமா என்பதை வாய்வார்த்தையாகக் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்க வேண்டும். வங்கிக் கடனுக்காக வங்கியே எடுத்த பாலிசியாக இருந்தாலும் நகலைக் கேட்டு வாங்கி முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வருமான இழப்புக்கென்று தனிப் பாலிசி உண்டு. ஆனால் வழக்கமாக, காப்பீடு செய்த இடத்திலேயே சேதம் நடந்திருந்தால்தான் அது பணம் தரும். நெடுஞ்சாலை 716இல் வண்டி வராததாலும், ரயில் ரத்தானதாலும், திருமலைப் பாதை மூடியதாலும் போன வருமானத்துக்குச் சாதாரணப் பாலிசி எதுவும் உதவாது. திருத்தணிக்கு அடிக்கடி வரும் நட்டம் அந்த வகைதான். அதற்குக் கையிருப்பு ஒன்றே காப்பு: கூட்டம் நன்றாக வந்த ஆடிக் கிருத்திகை லாபத்திலிருந்து மூன்று வாரச் செலவை, வாடகை, கூலி, தவணை உட்பட, தொடாமல் எடுத்து வைப்பது.

ஆட்டோ, வேன் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ப் பாகங்கள் வளைந்துவிடும். இன்ஜினுக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்பு இல்லாத பாலிசியில் அதற்குப் பணம் வராது. தள்ளிக்கொண்டு போய் மேட்டில் நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

வானிலைத் துறை புயல் எச்சரிக்கையை நான்கு கட்டமாகத் தருகிறது. 72 மணி நேரம் முன்பு முதல் கண்காணிப்புச் செய்தி, 48 மணி நேரம் முன்பு உஷார் செய்தி, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை, 12 மணி நேரம் முன்பு, கரை கடந்த பிறகான நிலை பற்றிய கணிப்பு. கடையின் வேலையையும் இந்தக் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். 72இல் அழுகும் சரக்குக்கான ஆர்டரைப் பாதியாக்க வேண்டும், விடுதியில் முன்பதிவு செய்தவர்களைப் போனில் கூப்பிட்டுத் தேதி மாற்ற வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ரத்து செய்தவர் போய்விடுவார், தேதி மாற்றியவர் வருவார். 48இல் தரையிலுள்ள சரக்கை மேலேற்றி, கடையையும் சரக்கையும் தேதி தெரிய வீடியோ எடுத்து, பில்களோடு வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். 24இல் பெயர்ப்பலகை, பிளக்ஸ், முன்பந்தல் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். காற்றில் பறக்கும் தகரம் அடுத்தவர் உயிரை எடுக்கும். தண்ணீர் வரும் என்று தோன்றினால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மின்தடைக்கு மின்னகம் 94987 94987, அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இவற்றைப் போனில் மட்டும் வைத்திராமல் சுவரிலும் எழுதி வையுங்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வைத்து ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத வாயு. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் ஒயரைக் கடையின் பிளக்கில் சொருகுகிறார்கள். அந்த மின்சாரம் பின்பக்கமாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் 11,000 வோல்ட்டாக மாறும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் இ.பி. ஊழியரைக் கொல்ல அது போதும்.

கடைசியாக ஆட்கள். திருத்தணிக் கடைகளிலும் தறிக்கூடங்களிலும் வேலை செய்கிறவர்களில் பலர் தரைப்பாலத்துக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள். முழங்காலுக்குக்கூட எட்டாத அரை அடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பெரிய ஆளையே சாய்த்துவிடும். இரண்டு அடி இருந்தால் வேனையும் இழுத்துக்கொண்டு போகும். பாலத்தின் தளம் அரித்துப் போயிருப்பது கலங்கல் நீரில் தெரியாது. யார் வீட்டுக்கு எந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும் என்ற பட்டியல் முதலாளியிடம் இப்போதே இருக்க வேண்டும். அம்மபள்ளியில் மதகு திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், இரவுக் கூட்டம் எவ்வளவு வரும் என்ற கணக்கை விட்டுவிட்டு, அந்த ஆட்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அன்றைய கூலியைப் பிடிக்காமல். ஆறு ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால், அவர்களுக்குக் கடை மாடியிலோ விடுதியின் காலி அறையிலோ பாய் போட்டுக் கொடுங்கள்.